நரம்புத் தளர்ச்சி என்று ஒரு நோய் உண்டா?

மார்த்தாண்டத்தில் இருக்கும் மாமாவுக்குக் கை நடுங்குவதை நரம்புத் தளர்ச்சி என்கிறார்களே, அது என்ன நோய் என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஒரு காலத்தில் அது டாக்டர்களே எழுதிய நோய்ப்பெயர். 1869இல் அமெரிக்க மருத்துவர் ஜார்ஜ் பியர்ட் 'நியூராஸ்தீனியா' என்ற பெயரைப் பரப்பினார். ஓயாத அசதி, தலைவலி, தூக்கமின்மை, பதற்றம் எல்லாவற்றையும் அதில் அடைத்தார். நரம்பின் சக்தி தீர்ந்துபோகிறது என்பது அவர் கணக்கு. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலின் பத்தாம் பதிப்பில் இருந்தது, பதினொன்றாம் பதிப்பில் தனி நோயாக இல்லை. பஸ் ஸ்டாண்ட் சுவரொட்டிகளில் மட்டும் ஆண்மைக் குறைவோடு ஜோடி சேர்ந்து இன்னும் ஓடுகிறது!

கை நடுக்கம் வேறு சங்கதி. தைராய்டு, குடி, சில மாத்திரைகள், பார்க்கின்சன் என்ற மூளை நோய் என்று காரணம் பல. டம்ளரைத் தூக்கும்போது நடுங்குகிறதா, கை சும்மா மடியில் கிடக்கும்போதா என்று கவனியுங்கள்; காரணத்தைக் கண்டுபிடிக்க டாக்டருக்கு அது உதவும். வர்ம ஆசானிடம் போவதற்கு முன் நாகர்கோவில் ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரியில் காட்டிவிடுங்கள்.