வேலை வெளிநாட்டுக்குப் போனால் டிஏஏ உதவி யாருக்கு?

கே: மிச்சிகனில் கார் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் இருந்தேன். உற்பத்தியை மெக்சிகோவுக்கு மாற்றி, இந்த ஆண்டு எங்களை நிறுத்திவிட்டார்கள். மூன்று பேர் கையெழுத்திட்டால் டிஏஏ (வெளிநாட்டு வர்த்தகத்தால் வேலையிழந்தவர்களுக்கான அமெரிக்க அரசின் உதவித் திட்டம்) மனு போடலாம் என்கிறார்களே?

ப: அந்த விதி உண்மைதான். மூன்று தொழிலாளர்களோ, தொழிற்சங்கமோ, நிறுவனமோ, மாநில வேலைவாய்ப்பு அதிகாரியோ மனு தரலாம் என்று இருந்தது. ஆனால் 2022 ஜூலை 1 முதல் அமெரிக்கத் தொழிலாளர் துறைக்குப் புதிய மனுக்களை விசாரிக்கவோ, சான்றளிக்கவோ அதிகாரம் இல்லை. அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் திட்டத்தைப் புதுப்பிக்காத வரை உங்கள் மனு விசாரணைக்கே போகாது. இறக்குமதியால் வேலையிழப்பவர்கள் குறையாதபோது இந்தக் கதவை மூடியது பெரிய அநியாயம்.

அதற்காகச் சும்மா இருந்துவிடாதீர்கள். வேலையிழப்புக் காப்பீட்டுக்கு முதல் வாரத்திலேயே விண்ணப்பியுங்கள். பிறகு பணிநீக்கக் கடிதத்துடன் அமெரிக்கன் ஜாப் சென்டர் என்னும் வேலைவாய்ப்பு உதவி மையத்துக்குப் போய், வயோவா என்னும் வேலைவாய்ப்பு, பயிற்சிச் சட்டத்தின் கீழ் 'டிஸ்லொகேட்டட் வொர்க்கர்' (வேலை பறிபோன தொழிலாளர்) என்று பதிவு செய்யச் சொல்லுங்கள். பயிற்சிக் கட்டணம் அந்த வழியிலும் கிடைக்கலாம். நிறுவனத்தில் 100 அல்லது அதற்கு மேற்பட்ட முழுநேர ஊழியர்கள் இருந்து, ஆலை மூடலுக்கு 60 நாள் முன்னறிவிப்பு தரவில்லையென்றால், வார்ன் சட்டம் மீறப்பட்டதா என்று வழக்கறிஞரிடம் கேளுங்கள்.

கே: 2022 மே மாதம் வேலை போனது. எங்கள் ஆலைக்கு டிஏஏ சான்று கிடைத்திருந்தது என்று இப்போதுதான் தெரிந்தது. ஆள் அனுப்பும் ஏஜென்சி மூலம் அங்கே வேலை பார்த்த எனக்குத் தகுதி உண்டா?

ப: இருக்கக்கூடும். தகுதி இரண்டு கட்டமாகப் பார்க்கப்படும். முதலில் குழுவுக்குத் தொழிலாளர் துறையின் சான்று. பிறகு நீங்கள் அந்தக் குழுவில் சேர்ந்தவர்தானா என்று மாநிலத்தின் முடிவு. பலரும் முதல் கட்டத்தோடு எல்லாம் முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள்.

சான்றின் 'டிஏ-டபிள்யூ' எண்ணைத் தொழிலாளர் துறையின் இணையதளத்தில் தேடி, மூன்றைச் சரிபாருங்கள்: எந்த ஆலை, எந்தத் தேதிகள், யார் யார். வழக்கமாக மனுத் தேதிக்கு ஓராண்டு முன்பிலிருந்து, சான்றளித்த நாளுக்கு இரண்டாண்டு பின்பு வரை வேலையிழந்தவர்களை அது தழுவும். திட்டம் நின்றுவிட்டதால் 2022 ஜூன் 30-க்குள் வேலை போயிருப்பதும் முக்கியம். உங்கள் மே மாதம் அதற்குள் வருகிறது. ஏஜென்சிக்காரர்கள் ஆலையிலேயே, ஆலையின் கட்டுப்பாட்டில் வேலை செய்திருந்தால் குழுவில் சேரலாம். உங்களுக்கு வேலை சொன்னதும் நேரம் குறித்ததும் ஆலை மேற்பார்வையாளர்தான் என்று காட்டும் டைம் ஷீட், மின்னஞ்சல், நுழைவு அட்டை எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். ஊதிய ரசீதில் ஏஜென்சி பெயர் மட்டும் இருந்தால் விண்ணப்பம் கவுண்டரிலேயே திரும்பக்கூடும்.

டிஆர்ஏ என்னும் வாராந்திர உதவித்தொகையை அதிகம் எதிர்பார்க்காதீர்கள். வேலையிழக்கும் முன்பான 52 வாரத்தில் 26 வாரம், வாரம் 30 டாலருக்குக் குறையாமல் சம்பாதித்திருக்க வேண்டும் (விடுப்பு, நோய் போன்றவற்றில் 7 வாரம் வரை கணக்கில் சேரும்). அதோடு, அடிப்படை டிஆர்ஏவை வேலையிழந்த 104 வாரத்துக்குள் பெற வேண்டும். உங்களுக்கு அந்தக் கெடு 2024-லேயே முடிந்துவிட்டது. பயிற்சியில் சேர்வதற்கான கெடு தவறினாலும் போவது டிஆர்ஏதான், பயிற்சி உரிமை அல்ல. எனவே பயிற்சியைக் கேளுங்கள். ஒப்புதல் வரும் முன் கல்லூரிக்குப் பணம் கட்டிவிடாதீர்கள். கட்டிய பணம் திரும்பாமல் போகலாம். மறுத்தால் வாய்மொழிப் பதிலோடு திரும்பாமல், எழுத்தில் முடிவு வாங்கி, மாநில வேலையிழப்புக் காப்பீட்டு நடைமுறைப்படி மேல்முறையீடு செய்யுங்கள். மேல்முறையீட்டுக் கெடு அந்தக் கடிதத்திலேயே இருக்கும்.

கே: மென்பொருள் வேலை இந்தியாவுக்குப் போனால் டிஏஏவில் இடம் உண்டா?

ப: மனுவின் தேதியைப் பொறுத்தது. 2009-ல் சேவைத் துறையும் சேர்க்கப்பட்டது. இடையில் சில காலம் விலக்கப்பட்டு, 2015 சட்டத்தில் மீண்டும் வந்தது. 2021 ஜூலை 1 முதல் விதிகள் பழையபடி சுருங்கி, பொருள் உற்பத்தி செய்யும் நிறுவனங்களுக்கு மட்டும் என்றாயின. ஆகவே அதற்கு முன் தாக்கலான மனுவில் சேவை வேலைக்குச் சான்று கிடைத்திருந்தால், அதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

கே: எத்தனை பேர் வேலையிழந்தால் குழுத் தகுதி?

ப: திட்டம் நடந்தபோது இருந்த விதி: 50 பேருக்குக் குறைந்த குழுவில் 3 பேர். அதற்கு மேல், 5 சதவீதம் அல்லது 50 பேர், எது குறைவோ அது.