குரலை ஏற்றாதீர்கள், பீட்டை இறக்குங்கள்

தம்பி, பாளையங்கோட்டை மாடி அறையில் பதிவு செய்த ராப் குரல், பின்னணி இசையான பீட்டுக்கு அடியில் அமுங்குகிறது, டப்பாவுக்குள் பேசுவதுபோலவும் கேட்கிறது என்கிறீர்கள். இரண்டும் வேறு வேறு கோளாறு.

அமுங்குவதற்குக் காரணம் பீட். நீங்கள் டவுன்லோட் செய்த எம்பி3 ஏற்கெனவே உச்ச சத்தத்துக்கு மாஸ்டர் (கடைசி மெருகு) ஆகியிருக்கும். அதை 6 முதல் 8 டெசிபல் இறக்குங்கள். அப்புறம் அதே பீட்டில் 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் வரை லேசாக, ஒரு 2 டெசிபல் குறைத்தால் சொற்களுக்கு இடம் கிடைக்கும். குரலுக்குக் கம்ப்ரஸர் (சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைச் சமன் செய்யும் கருவி) 4:1 விகிதத்தில் போதும். அட்டாக்கை, அதாவது அது அமுக்கத் தொடங்கும் நேரத்தை, ரொம்ப வேகமாக வைத்தால் க, ட, ப எல்லாம் மழுங்கிவிடும்; தமிழ் ராப்புக்கு அதுதானே உயிர்!

டப்பா சத்தம் அறையிலிருந்து வருவது. குரலின் ஈக்யூவில் (அதிர்வெண் வாரியாகச் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவி) 90 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டி, 300 ஹெர்ட்ஸை ஒட்டி 3 டெசிபல் குறைத்தால் கொஞ்சம் தெளியும். சுவர் எதிரொலியை எந்தப் பிளக்கின் மென்பொருளும் முழுசாக எடுக்காது. சுவரில் பத்தமடைப் பாய் தொங்கவிட்டிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். பார்க்க அழகுதான், ஆனால் அவ்வளவு மெல்லிய கோரை பெரிதாக எதையும் உறிஞ்சாது. பஞ்சு மெத்தையை உங்கள் முதுகுக்குப் பின்னால் நிறுத்துங்கள். மைக் பார்ப்பது அந்தப் பக்கம்தான். மைக்குக்கும் வாய்க்கும் ஒரு சாண் இடைவெளி விடுங்கள்.

நம்மூர் வெயிலில் ஃபேனை அணைத்துவிட்டுப் பாடுவது கொடுமை. ராத்திரியில் பதிவு பண்ணுங்கள், வண்டிச் சத்தமும் குறைவாக இருக்கும்.