பழைய ஜீப்பை நேரடியாக விற்கும்போது பெயர் மாற்றம் ஏன் அவசியம்?

கோத்தகிரியில் பச்சைத் தேயிலை ஏற்றிய ஜீப்பைத் தரகரின்றி விற்பவர் முதலில் கவனிக்க வேண்டியது பெயர் மாற்றம்; அதாவது, ஆர்.சி. எனும் பதிவுச் சான்றிதழில் உரிமையாளர் பெயரை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் மாற்றிப் பதிவது. மோட்டார் வாகனச் சட்டம், 1988, பதிவேட்டில் பெயருள்ளவரையே உரிமையாளராகக் கருதுகிறது; ஆகவே பணம் கைமாறிய பிறகும், குன்னூர்ப் பாதையின் கொண்டை ஊசி வளைவில் அந்த ஜீப் யாரையேனும் மோதினால், இழப்பீட்டுப் பொறுப்பு பழைய உரிமையாளர் மீதே விழக்கூடும் என்பதை 2018-இல் உச்ச நீதிமன்றமும் உறுதிசெய்தது. பட்டா மாறாத தோட்டத்தின் நோட்டீஸ் விற்றவர் வீட்டுக்கே வருவதைப் போன்றது இது.

விற்ற 14 நாட்களுக்குள், உரிமை மாற்றத்தை அறிவிக்கும் படிவம் 29-ஐ அந்த அலுவலகத்தில் நீங்களே சமர்ப்பியுங்கள். எவ்வளவு பழகியவரானாலும் வெற்றுப் படிவத்தில் கையெழுத்திட்டுக் கொடுக்கவே கூடாது. வண்டியை ஒப்படைத்த தேதியையும் நேரத்தையும் எழுதி, வாங்குபவரின் கையொப்பம் பெறுங்கள்.

முத்திரைத்தாளில் ஒப்பந்தம் எழுதியதும் பொறுப்பு தீர்ந்ததெனப் பலர் எண்ணுகிறார்கள். அத்தாள் விற்பனைக்குச் சான்றாகுமே தவிர, பதிவேட்டிலுள்ள பெயரை மாற்றாது.