சின்ன கேம்பர் டிரெய்லருக்கு வெளி ஷவர்: சுவரை வெட்டும் முன்

கேள்வி: மெல்பர்னில் இருக்கிறோம். பழைய சிறிய கேம்பர் டிரெய்லர் ஒன்று வாங்கியிருக்கிறோம். அடியில் 60 லிட்டர் டேங்க், பாத்திரம் கழுவும் தொட்டிக்கு ஒரு கைப்பம்ப், 100 ஆம்பியர்-மணி லெட் ஆசிட் பேட்டரி இருக்கின்றன. கிராம்பியன்ஸ் மலைப் பக்கம் நான்கு பேர் இரண்டு மூன்று இரவு தங்குவோம். பக்கச் சுவரை வெட்டி ஷவர் பெட்டி பொருத்தி, கேஸ் ஹீட்டரும் இணைத்துவிடலாமா?

பதில்: சுவரை இப்போதைக்கு வெட்டாதீர்கள், ஹீட்டரும் வாங்காதீர்கள். முதலில் தண்ணீர்க் கணக்கைப் பாருங்கள்.

வீட்டு ஷவரில் நிமிடத்துக்கு 9 லிட்டர் வரை போகும். ஐந்து நிமிடம் நின்றால் 45 லிட்டர், அதாவது ஒருவர் குளிப்பதற்கே உங்கள் டேங்கில் முக்கால் பங்கு காலி. முகாமில் குளிக்கும் முறை வேறு. உடம்பை நனைத்ததும் தண்ணீரை நிறுத்திவிட்டு, சோப்பு போட்டு, அப்புறம் திறந்து அலச வேண்டும். நிமிடத்துக்கு 3, 4 லிட்டர் மட்டும் விடும் சின்ன ஷவரும், கைப்பிடியிலேயே நிறுத்தும் பட்டனும் இருந்தால் ஒருவருக்கு 8 லிட்டர் போதும். தலைக்குக் குளித்தால் கொஞ்சம் கூடும். அப்படியும் நான்கு பேருக்கு ஒரு நாளைக்கு 32 லிட்டர். சமையல், குடிநீர் எல்லாம் சேர்ந்தால் இரண்டாம் நாளே டேங்க் வறண்டுவிடும். அதனால் குளிக்கும் தண்ணீரைத் தனி 20 லிட்டர் கேன்களில் வையுங்கள்.

ஒரு லிட்டர் என்றால் ஒரு கிலோ. டிரெய்லரின் தகட்டில் போட்டிருக்கும் டேர் எடையில், அதாவது வெறும் டிரெய்லரின் எடையில், இந்தத் தண்ணீர் சேராது. தண்ணீர், சாமான் எல்லாம் ஏற்றிய பிறகு அதே தகட்டில் ஏ.டி.எம். (டிரெய்லருக்கு அனுமதித்த மொத்த எடை) என்று பொறித்த அளவைத் தாண்டக் கூடாது. உங்களுடையது பிரேக் இல்லாத இலகு ரக டிரெய்லர் என்றால் இன்னும் கவனம் வேண்டும். சக்கரங்கள் தாங்கும் எடை 750 கிலோவைத் தாண்டினால் ஆஸ்திரேலியாவில் பிரேக் கட்டாயம். கேன்களை அச்சுக்கு நேர் மேலே வையுங்கள். பின்கோடியில் பாரம் கூடினால் நெடுஞ்சாலையில் டிரெய்லர் ஆடத் தொடங்கும், அது ஆபத்து.

வெந்நீருக்கு வருவோம். நம் வீடுகளில் வெந்நீர் விளாவிக் குளிப்போமே, அதுவே இங்கும் நல்ல வழி. வாளியில் 15 டிகிரி பச்சைத் தண்ணீர் 7 லிட்டர் ஊற்றி, கொதிக்கும் தண்ணீர் 3 லிட்டர் சேர்த்தால் ஏறக்குறைய 40 டிகிரி வரும், குளிக்க இதமான சூடு. குளிர்காலத்தில் வெந்நீர் சற்றுக் கூடுதலாகத் தேவைப்படும். பச்சைத் தண்ணீரை முதலில் ஊற்றிவிடுங்கள், வெந்நீரை அதன் மேல் ஊற்றிக் கலக்கி, கை வைத்துப் பார்த்த பிறகுதான் பம்பை இறக்க வேண்டும். 12 வோல்ட்டிலோ சார்ஜ் பேட்டரியிலோ ஓடும், தண்ணீருக்குள் மூழ்கும் சின்ன பம்ப் போதும். வாளி காலியாகும் முன் அதை நிறுத்திவிடுங்கள், தண்ணீர் இல்லாமல் ஓடினால் மோட்டார் கருகிவிடும்.

பேட்டரியிலேயே தண்ணீரைச் சுட வைக்கலாமே என்று தோன்றும். வேண்டாம். 10 லிட்டரை 25 டிகிரி உயர்த்த சுமார் 24 ஆம்பியர்-மணி செலவாகும். லெட் ஆசிட் பேட்டரியில் பாதிக்கு மேல் இறக்கக் கூடாது என்பதால் இரண்டு பேர் குளித்ததும் உங்கள் கையிருப்பு தீர்ந்துவிடும். பம்புக்கு ஆகும் மின்சாரம் இதோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

சில பயணங்கள் இப்படிப் போய்வந்த பிறகும் நிரந்தர ஏற்பாடு வேண்டும் என்று தோன்றினால், அப்போதும் பெரிய பெட்டிக்காகச் சுவரை வெட்டாதீர்கள். டேங்கிலிருந்து வரும் குழாயில் வடிகட்டி, அதற்கு அடுத்து அழுத்தம் குறைந்தால் தானே ஓடும் 12 வோல்ட் பம்ப், அங்கிருந்து சட்டத்தின் ஓரத்தில் ஹோஸ் சொருகும் இணைப்பு ஒன்று என்று முடித்துக்கொள்ளுங்கள். குடிநீருக்கு ஏற்ற 12 மில்லிமீட்டர் குழாய் இங்கே எளிதில் கிடைக்கும். பம்புக்குத் தனி ஃபியூசும் சுவிட்சும் கட்டாயம். ஓடும் வழியில் ஒரு குழாய் கழன்றால் இந்த வகை பம்ப் டேங்க் முழுவதையும் ரோட்டில் கொட்டிவிடும். கிளம்பும்போது சுவிட்சை அணைத்துவிடுங்கள்.

கேஸ் ஹீட்டரை இந்த பம்போடு சேர்க்கலாம். மரத்தில் தொங்கவிடும் தண்ணீர்ப் பையிலிருந்து இறங்கும் நீரின் அழுத்தத்துக்கு அந்த ஹீட்டர் பெரும்பாலும் பற்றி எரியாது. தனி சிலிண்டரோடு வெளியே நிறுத்திப் பயன்படுத்தும் வகையை வாங்குங்கள். டிரெய்லரிலேயே நிலையாகப் பொருத்துவதென்றால் உரிமம் பெற்ற கேஸ் பணியாளர் செய்து சான்றிதழ் தர வேண்டும், நீங்களே கை வைக்கக் கூடாது. எந்த வகையானாலும் குளிக்கும் கூடாரத்துக்குள்ளோ தார்ப்பாய்க்கு அடியிலோ எரிய விடவே கூடாது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, மூடிய இடத்தில் ஆளையே கொன்றுவிடும். பிள்ளைகள் குளிக்கும் இடம் என்பதால் தயவுசெய்து இதில் மட்டும் எந்தச் சமாதானமும் சொல்லிக்கொள்ளாதீர்கள்.

சோப்புத் தண்ணீர் ஓடைக்குப் போகக் கூடாது. நீர்நிலையிலிருந்து 100 மீட்டராவது தள்ளிக் குளியுங்கள். மக்கிப்போகும் சோப்பு என்று அட்டையில் எழுதியிருந்தாலும் அது மண்ணில்தான் மக்கும், நீரில் மீன்களுக்குக் கெடுதலே. கழிவுநீரைப் பிடித்து எடுத்துப்போகச் சொல்லும் முகாம்களும் உண்டு. அங்கே நின்று குளிக்க ஒரு அகலமான தட்டு வைத்து, அதிலிருந்து கேனுக்கு ஊற்றிக்கொள்ளலாம்.