பீட்டில்ஸ் பிரபலமாவதற்கு முன்: தொலைந்த டெமோக்கள் பற்றிக் கேள்வி பதில்

இங்கிலாந்தின் பீட்டில்ஸ் குழு (ஜான் லெனன், பால் மெக்கார்ட்னி, ஜார்ஜ் ஹாரிசன், ரிங்கோ ஸ்டார்) முதல் சிங்கிள் தட்டை வெளியிட்டது 1962 அக்டோபரில். அதற்கு முந்தைய ஐந்து வருடங்களில் அவர்கள் பாடிப் பதிந்தவை, டெமோ எனும் மாதிரிப் பதிவுகள், எங்கே போயின, யார் கையில் இருந்தன என்று தேடுவதுதான் எனக்குப் பிடித்த வேலை. அதைப் பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

சார், இவர்களுடைய முதல் பதிவு என்று எதைச் சொல்வது? ஆளுக்கு ஒன்று சொல்கிறார்களே.

எதை முதல் என்று எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்தது. லெனன் குரல் மட்டும் போதும் என்றால் 1957 ஜூலை 6. லிவர்பூலில் வூல்டன் தேவாலயத் திருவிழாவில் அவருடைய குவாரிமென் குழு வாசித்ததை பாப் மாலினோ என்ற இளைஞர் தன் குருண்டிக் ஸ்பூல் ரெக்கார்டரில் பிடித்துவிட்டார். லெனனும் மெக்கார்ட்னியும் முதன்முதலில் சந்தித்ததும் அதே நாளில்தான். மாலினோ பிறகு போலீஸ்காரர் ஆனார். 1994ல் அந்த டேப் சோத்பீஸ் ஏலத்துக்கு வந்தது. பீட்டில்ஸின் இசைத்தட்டு நிறுவனமான இ.எம்.ஐ. 78,500 பவுண்டு கொடுத்து வாங்கியது. ஆனால் ஒலித்தரம் மிக மோசம் என்பதால் ஆல்பம் எதிலும் சேர்க்கவில்லை.

லெனன், மெக்கார்ட்னி, ஹாரிசன் மூவரும் சேர்ந்து காசு கொடுத்துப் பதிந்த முதல் டிஸ்க் என்றால் 1958. லிவர்பூலில் 38, கென்சிங்டன் என்ற முகவரியில் பெர்சி பிலிப்ஸ் தன் வீட்டிலேயே ஒரு சின்ன ஸ்டுடியோ வைத்திருந்தார். பியானோவில் ஜான் லோ, டிரம்ஸில் காலின் ஹான்டன். ஒரு பக்கம் பட்டி ஹாலியின் பாட்டு, மறுபக்கம் மெக்கார்ட்னியும் ஹாரிசனும் சேர்ந்து எழுதிய ‘இன் ஸ்பைட் ஆஃப் ஆல் தி டேஞ்சர்’. என்னைக் கேட்டால் இதைத்தான் முதல் டெமோ என்பேன்.

அந்த 1958 டிஸ்க் எப்படித் தப்பியது? ஒரே ஒரு பிரதிதான் என்கிறார்களே, அண்ணா?

ஆமாம், ஒன்றே ஒன்று. அதை வாங்கவே ஐவரும் கையில் இருந்த சில்லறையைப் போட வேண்டியிருந்தது. அதனால் ஆளுக்குக் கொஞ்ச நாள் என்று முறை வைத்துக் கொண்டார்கள். முறை ஜான் லோவிடம் வந்தபோது அப்படியே நின்றுவிட்டது. அவர் குழுவை விட்டு விலகினார், மற்றவர்கள் மறந்தே போனார்கள். இருபது வருடத்துக்கும் மேல் அது லோவிடம் இருந்தது. 1981ல் அவர் அதை ஏலத்துக்குக் கொண்டுபோக முயன்றபோது மெக்கார்ட்னி நேரடியாகவே வாங்கிக்கொண்டார். சுமார் 50 பிரதிகள் போட்டு நண்பர்களுக்குப் பரிசாகக் கொடுத்தார். பொதுமக்கள் காதுக்கு வந்தது 1995ல், ‘ஆந்தாலஜி 1’ தொகுப்பில். அதிலும் ‘டேஞ்சர்’ பாட்டைச் சற்றுச் சுருக்கித்தான் போட்டார்கள்.

லோ உலகப் புகழ் பெற்றவர் அல்ல. ஆனாலும் அவர் அதைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்ததால்தான் இன்று நாம் கேட்கிறோம். எனக்கு அவர்மேல் பெரிய மரியாதை உண்டு.

இந்த மாதிரி டிஸ்க்கை அசிடேட் என்கிறார்களே, அது சாதாரண இசைத்தட்டுதானே?

இல்லை. கடையில் விற்ற தட்டை அச்சில் அழுத்தி ஆயிரக்கணக்கில் எடுப்பார்கள். அசிடேட்டை ஒவ்வொன்றாக ஊசியால் வெட்டுவார்கள். அலுமினியத் தகட்டின் மேல் நைட்ரோசெல்லுலோஸ் அரக்குப் பூச்சு இருக்கும், அதில்தான் பள்ளம் விழும். பெயர் அசிடேட் என்றாலும் பொருள் அதுவல்ல. பூச்சு மென்மையானது, ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் தேயும். வருடம் போகப் போகப் பூச்சில் உள்ள எண்ணெய் பிரிந்து வெள்ளைப் பொடியாக மேலே படியும். பிறகு பூச்சு சுருங்கி, வெடித்து உதிரும். அப்படி உதிர்ந்தால் பாட்டு போனது போனதுதான். அதனால் பழைய அசிடேட் கிடைத்தால் ஆசைக்கு ஒரு தடவைகூட ஓட்டிப் பார்க்காதீர்கள். முதல் தடவை ஓடும்போதே அனுபவமுள்ளவர் கையில், சரியான அளவு ஊசியோடு, கணினியில் பதிவாக வேண்டும்.

டெக்கா நிறுவனம் நிராகரித்த பதிவு முழுவதும் வெளிவந்துவிட்டதா?

ஒப்பந்தம் தரலாமா என்று பார்க்க டெக்கா இசைத்தட்டு நிறுவனம் நடத்திய சோதனைப் பதிவு அது. 1962 ஜனவரி 1, லண்டன் வெஸ்ட் ஹாம்ப்ஸ்டெட் ஸ்டுடியோ. முந்தைய நாள் பனியில் வேனில் வந்து சேர்ந்தவர்கள் அன்று 15 பாடல்கள் பாடினார்கள். டிரம்ஸில் ரிங்கோ இல்லை, பீட் பெஸ்ட். பதினைந்தில் மூன்றுதான் அவர்களே எழுதியவை. ‘ஆந்தாலஜி 1’ல் ஐந்து பாடல்கள் வந்தன. மீதியைக் கேட்டவர்கள் பெரும்பாலும் திருட்டுப் பதிப்புகளில் கேட்டவர்கள்தான்.

எனக்கு இதில் முக்கியம், நிராகரிப்புக்குப் பிறகு நடந்ததுதான். மேலாளர் பிரையன் எப்ஸ்டீன் அந்த டேப்பைத் தூக்கிக்கொண்டு ஆக்ஸ்ஃபோர்டு தெரு எச்.எம்.வி. கடைக்குப் போய் அசிடேட் வெட்டிக்கொண்டார். வெட்டிக் கொடுத்தவர் பாட்டைக் கேட்டுப் பிடித்துப்போய் ஓர் இசைப் பதிப்பாளரிடம் சொல்ல, அந்த வழியாகத்தான் கதை, பின்னாளில் அவர்கள் பாடல்களைத் தயாரித்த ஜார்ஜ் மார்ட்டினிடம் போனது. அந்த அசிடேட்டுகளில் ஒன்றின் லேபிளில் எப்ஸ்டீனின் கையெழுத்திலேயே பாட்டின் பெயர் இருந்தது. ஜெர்ரி அண்டு தி பேஸ்மேக்கர்ஸ் குழுவின் லெஸ் மெக்வயர் வீட்டுப் பரணில் கிடந்தது அது. 2016ல் 77,500 பவுண்டுக்கு ஏலம் போனது.

கனடாவில் ஏதோ டேப் கிடைத்ததாகப் படித்தேனே?

2025ல், வான்கூவரில். ஒரு ரெக்கார்டு கடைக்காரரிடம் ‘பீட்டில்ஸ் டெமோ’ என்று எழுதிய ஸ்பூல் பல வருடமாகக் கிடந்தது. ஏதோ திருட்டு நகல் என்று நினைத்திருந்தார். ஓட்டிப் பார்த்தால் டெக்கா பாடல்கள், அதுவும் அருமையான தெளிவில். பாடல்களுக்கு நடுவே வெள்ளை லீடர் டேப் (ஒலி பதியாத வெற்று நாடா) ஒட்டியிருந்தது. ஸ்டுடியோ வேலைக்கென்று தயாரித்த டேப்பில்தான் அப்படி இருக்கும். விசாரித்தபோது, முன்பு இசைத்தட்டு நிறுவனம் நடத்தியவர் ஒருவர் 1970களில் லண்டனிலிருந்து அதைக் கொண்டுவந்ததாகத் தெரிந்தது. தட்டாகப் போட்டு விற்கும்படி கொடுத்திருக்கிறார்கள், அவர் அது சரியல்ல என்று செய்யாமல் விட்டுவிட்டார்.

ஆன்லைனில் “வெளிவராத பீட்டில்ஸ் டெமோ” என்று நிறைய விற்கிறார்களே. நம்பலாமா?

பெரும்பாலும் நம்ப வேண்டாம். ஒரு காலத்தில் பீட்டர் குக், டட்லி மூர் என்ற நகைச்சுவைக் கலைஞர்கள் பாடிய பாட்டையே பீட்டில்ஸின் ரகசியப் பாட்டு என்று திருட்டுத் தட்டுகளில் விற்றார்கள். பாட்டைக் கேட்டு முடிவு செய்யாதீர்கள், காது ஆசைப்பட்டதைக் கேட்டுவிடும். அந்தப் பொருள் யார் யார் கையில் இருந்து வந்தது என்று கேளுங்கள். அதற்கு விற்பவரிடம் பதில் இல்லையென்றால் விலகிவிடுங்கள். தேடும்போதும் இதே வழிதான். பாட்டின் பெயரைத் தேடாதீர்கள். அன்று அறையில் யார் இருந்தார், இயந்திரம் யாருடையது, குழுவை விட்டு யார் விலகினார் என்று ஆட்களைத் தேடுங்கள்.

இவ்வளவு வருடம் ஆன பிறகும் ஏன் எல்லாவற்றையும் வெளியிடவில்லை? சட்டப் பிரச்சினையா?

சட்டம் தடுப்பதைவிட, சில சமயம் வெளியிடத்தான் வைத்திருக்கிறது. ஐரோப்பாவில் வெளியான பதிவுக்கு 70 வருடப் பாதுகாப்பு. வெளியிடாமலே வைத்திருந்தால் 50 வருடத்தோடு அது போய்விடும். 2013 டிசம்பரில், 1963ல் பதிந்த 59 துண்டுகளைத் திடீரென்று ஐடியூன்ஸில் விட்டதற்குக் காரணம் இந்தக் கெடுதான் என்பது வெளிப்படை.

ஐயா, யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதுகிறேன். அப்பப்பாவின் பழைய ஸ்பூல் ஒன்று உள்ளது, 1960களில் கோயில் திருவிழாவில் பதிந்த நாதஸ்வரம். என்ன செய்யலாம்?

முதலில் ஓட்டாதீர்கள். ஸ்பூலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். சுற்றியிருக்கும் டேப் வழியே வெளிச்சம் ஊடுருவினால் அது அசிடேட் வகை டேப், முன்பு சொன்ன அசிடேட் தட்டு வேறு. முகர்ந்தால் வினாகிரி வாசனை வருகிறதா என்றும் பாருங்கள். வந்தால் சிதையத் தொடங்கிவிட்டது, சீக்கிரம் நகல் எடுக்க வேண்டும். “டேப்பைச் சூடாக்கினால் சரியாகிவிடும்” என்று யாராவது சொல்வார்கள். அது பிற்கால டேப்புகளுக்கான சிகிச்சை, இந்த வகைக்குச் செய்யவே கூடாது. பெட்டியில் எழுதியிருப்பதைப் படம் எடுத்து வையுங்கள். அன்று வாசித்தவர் யார் என்று வீட்டுப் பெரியவர்களிடம் இன்றே கேட்டு எழுதி வையுங்கள், அது தட்டிப் போனால் திரும்பக் கிடைக்காது.

இன்னும் கிடைக்காதவற்றில் நீங்கள் ஒன்றே ஒன்றைக் கேட்கலாம் என்றால்?

யோசிக்கவே வேண்டாம், ஜெர்மனியின் ஹாம்பர்க். 1960 அக்டோபர் 15, ரயில் நிலையத்துக்கு எதிரே கிர்ஷன்அலே தெருவில் அகுஸ்டிக் என்ற சின்ன ஸ்டுடியோ. லிவர்பூலின் இன்னொரு குழுவான ரோரி ஸ்டார்ம் குழுவின் லூ வால்டர்ஸ் ‘சம்மர்டைம்’ பாட, பின்னால் வாசித்தவர்கள் லெனன், மெக்கார்ட்னி, ஹாரிசன். டிரம்ஸில் அப்போது அதே ரோரி ஸ்டார்ம் குழுவில் இருந்த ரிங்கோ. அந்த நால்வரும் சேர்ந்து பதிந்த முதல் பாட்டு அதுதான், ரிங்கோ குழுவில் சேர இன்னும் இரண்டு வருடம் இருந்தது. அன்று சில தட்டுகள் வெட்டினார்கள். அந்தப் பாட்டு இதுவரை பொதுமக்கள் காதுக்கு வரவில்லை. ஹாம்பர்க்கிலோ லிவர்பூலிலோ வசிப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், பழைய பொருள் சந்தைக்குப் போகும்போது லேபிள் அச்சில்லாத, நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் பழைய தட்டுகளைக் கொஞ்சம் புரட்டிப் பாருங்கள்.