ஒமேகா வாங்கினேன், டயல் ஒரிஜினல் இல்லையாம்!

கேள்வி: பழைய கைக்கடிகாரங்கள் சேர்க்கிறேன். எட்டு மாதங்களுக்கு முன் மும்பை வியாபாரி ஒருவரிடம் 1957-ஆம் ஆண்டின் ஒமேகா கான்ஸ்டலேஷன் ஒன்றை ரூ.1,85,000-க்கு வாங்கினேன். நடுவில் தட்டையாக, ஓரம் பன்னிரண்டு பட்டையாகச் சரியும் 'பை-பேன்' டயல். 'நூறு சதவீதம் ஒரிஜினல் டயல்' என்று வாட்ஸ்அப்பில் எழுதினார். பில்லில் 'பழைய வாட்ச் - 1' என்று மட்டுமே இருக்கிறது. போன வாரம் திறந்து பார்த்த ரிப்பேர்காரர், டயலுக்கு மறுபடி பெயின்ட் அடித்திருக்கிறார்கள் என்கிறார். அடியில் 'டி ஸ்விஸ் மேட் டி' என்று இருக்கிறது. 'வந்ததை அப்படியே விற்றேன், திரும்ப வாங்க மாட்டேன்' என்கிறார் வியாபாரி. போலீசில் புகார் கொடுக்கலாமா?
- வாசகர், கோவை

பதில்: போலீஸ் புகாரை இப்போதைக்குத் தள்ளிவையுங்கள். குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 318-ஆவது பிரிவில் மோசடி நிற்க வேண்டுமானால், விற்கும்போதே அவருக்கு ஏமாற்றும் எண்ணம் இருந்ததைக் காட்ட வேண்டும். 'எனக்கே தெரியாது' என்று அவர் சொல்லிவிட்டால் அதை உடைப்பது கடினம்.

பணத்தைக் கேட்பதற்கு அந்த நிரூபணம் தேவையில்லை. 1930-ஆம் ஆண்டின் பொருள் விற்பனைச் சட்டம், 15-ஆவது பிரிவின்படி, இன்ன பொருள் என்று விவரித்து விற்றால் பொருள் அந்த விவரிப்புக்குப் பொருந்தியாக வேண்டும். விற்றவருக்குத் தெரிந்ததா இல்லையா என்ற கேள்வியே அங்கே எழாது. ஆகவே உங்கள் வழக்கு நிற்பது அந்த வாட்ஸ்அப் வரியில்தான். செல்போனை மாற்றாதீர்கள், உரையாடலை அழிக்காதீர்கள். சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதிநியம், 63-ஆவது பிரிவு மின்னணுப் பதிவுகளுக்குக் கேட்கும் சான்றிதழோடு அதைத் தாக்கல் செய்யலாம்.

அந்த இரண்டு 'டி' எழுத்துகளும் உங்களுக்குப் பெரிய துணை. இருட்டில் ஒளிர்வதற்காக டிரிட்டியம் பூசிய டயல் என்பதற்கான அந்தக் குறி 1960-களில்தான் வழக்கத்துக்கு வந்தது. 1957-இல் செய்த டயலில் அது இருக்க வழியில்லை. 'பிற்பாடு சர்வீஸில் கம்பெனியே மாற்றிய டயல்' என்று அவர் வாதிடலாம். வாதிடட்டும், அப்போதும் அது ஒரிஜினல் டயல் ஆகாது.

'வாட்ச் ஓடுகிறதே, என்ன நஷ்டம்?' என்று நுகர்வோர் ஆணையத்தில் கேட்பார்கள். இதற்குத்தான் நீங்கள் நன்றாகத் தயாராக வேண்டும். ஒரே இயந்திரம், ஒரே வெளிக்கூடு இருந்தும், சாதாரண ரோலக்ஸ் டேடோனா வாட்சைவிட, நடிகர் பால் நியூமன் கட்டியதால் 'பால் நியூமன்' என்று பெயர் பெற்ற டயல் கொண்டது பல மடங்கு விலை போகிறது. சேகரிப்பவர் காசு கொடுப்பது டயலுக்கு. உங்கள் மாடலில் ஒரிஜினல் டயலுக்கும் பெயின்ட் அடித்ததற்கும் உள்ள விலை வித்தியாசத்தை, விவரம் தெரிந்த ஒருவரிடம் எழுத்தில் வாங்குங்கள். ரிப்பேர்காரரின் கருத்தும் கையெழுத்தோடு வேண்டும். டயலைச் சரிசெய்ய யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள். சாட்சியமே அதுதான்.

இந்த வாரமே பொருளை ஏற்கவில்லை என்று எழுதி வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள். சும்மா இருந்தால் ஏற்றுக்கொண்டதாகிவிடும். எட்டு மாதம் கையில் இருந்ததால் முழுத்தொகை கிடைக்காமல், விலை வித்தியாசம் மட்டும் இழப்பீடாகக் கிடைக்கவும் கூடும். முழுத்தொகை, அது இல்லாவிட்டால் விலை வித்தியாசம் என்று இரண்டையும் மாற்றுக் கோரிக்கைகளாகக் கேளுங்கள்.

மும்பைக்கு அலைய வேண்டாம். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 34-ஆவது பிரிவின்படி, நீங்கள் வசிக்கும் கோவை மாவட்ட ஆணையத்திலேயே மனு செய்யலாம். ரூ.5 லட்சம் வரை கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும்.

ஒன்றை மட்டும் எனக்கு மறைக்காமல் சொல்லுங்கள். வாங்கிய கடிகாரங்களை வழக்கமாக விற்கிறீர்களா? மறுவிற்பனைக்காக வாங்குபவர் சட்டப்படி நுகர்வோர் அல்ல. எப்போதோ ஒன்றிரண்டைக் கைமாற்றியிருந்தால் பயம் வேண்டாம். அதுவே தொழில் என்றால், மூன்று ஆண்டுக்குள் சிவில் நீதிமன்றம் போக வேண்டும். அங்கே நீதிமன்றக் கட்டணமும் உண்டு.