கன்று வீசிய பசுவை விற்கலாமா?

கேள்வி: மூன்று மாடு வைத்திருக்கிறோம். எங்கள் லட்சுமி ஏழு மாதச் சினையில் கன்று வீசிவிட்டது. இளங்கொடியை (நஞ்சுக்கொடியை) என் வீட்டுக்காரர் வெறுங்கையால் எடுத்துப் போட்டார். "அடுத்த ஈற்று சரியாகிவிடும், பேசாமல் விற்றுவிடுங்கள்" என்கிறார் கொழுந்தனார். மருமகள் முழுகாமல் இருக்கிறாள். காவடிக்குப் பால் தருவதாகவும் வாக்குக் கொடுத்திருக்கிறோம். என்ன செய்யட்டும், ஐயா?
– ஒரு வாசகி, வெருலம், தென்னாப்பிரிக்கா

பதில்: விற்காதீர்கள், அம்மா. கொழுந்தனார் சொல்வதில் பாதி உண்மை; அதுதான் ஆபத்தே. இது புரூசெல்லோசிஸ் என்ற கன்று வீச்சு நோயாக இருந்தால், அடுத்த ஈற்றில் லட்சுமி நல்ல கன்றே போடலாம். ஆனால் பாலிலும் ஈற்று நீரிலும் கிருமி வந்துகொண்டே இருக்கும். வாங்குகிறவர் வீட்டுத் தொழுவம் முழுக்கப் பரவும். மாட்டுக்கு இதற்கு வைத்தியம் கிடையாது.

அரசாங்கக் கால்நடை மருத்துவரைக் கூப்பிட்டு மூன்றுக்கும் ரத்தம் எடுக்கச் சொல்லுங்கள். நோய் உறுதியானால் கழுத்தில் 'சி' என்று சூடு போடுவார்கள். பிறகு அது வெட்டுக்கு மட்டும்தான் போகலாம். பேர் வைத்து, பொங்கலுக்குப் பொட்டு வைத்து வளர்த்த பசு. எவ்வளவு வலிக்கும் என்று எனக்குத் தெரியும். நேட்டாலில் 31 வருஷம் கால்நடை உதவியாளராக இருந்தவன் நான். எத்தனையோ வீட்டு வாசலில் அந்தச் சேதியைச் சொல்லிவிட்டு, அவர்கள் தந்த தேநீரைக் குடிக்க முடியாமல் திரும்பியிருக்கிறேன்.

உங்கள் வீட்டுக்காரரைப் பற்றித்தான் எனக்குக் கவலை. நானும் ஒருமுறை கையுறை இல்லாமல் இளங்கொடி எடுத்தேன். சில வாரத்தில் சாயங்காலமானால் காய்ச்சல், ராத்திரி படுக்கை நனைகிற வேர்வை, இடுப்பு வலி. ஃப்ளூ என்று மாத்திரை வாங்கியே நான்கு மாதம் போனது. மாடு கன்று வீசியதை மருத்துவரிடம் நான் சொல்லவே இல்லை. அவருக்கு எப்படித் தோன்றும்? உங்கள் வீட்டுக்காரரை இப்போதே மருத்துவரிடம் அனுப்புங்கள். முதல் வார்த்தையாக மாட்டைப் பற்றிச் சொல்லட்டும். நோய் இருந்தால் இரண்டு மருந்து, ஆறு வாரம். காய்ச்சல் விட்டதும் நிறுத்தினால் திரும்பி வரும்.

மருமகள் தொழுவப் பக்கமே வர வேண்டாம், கரு கலையக்கூடும். காய்ச்சாத பாலை அவள் ஏற்கெனவே குடித்திருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். வீசிய கன்றையும் கொடியையும் நாய் தோண்டாத ஆழத்தில் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள். கையுறை அவசியம்.

பாலைப் பொங்கக் காய்ச்சினால் கிருமி செத்துவிடும். பச்சைப் பாலில் எடுத்த வெண்ணெயை நம்பாதீர்கள். தயிர் புளித்தாலும் போதாது. காவடிக்கு இந்தத் தொழுவத்துப் பால் வேண்டாம். கடைப் பாலை வாங்கிக் கொடுத்தாலும் வாக்குத் தவறியதாகாது. அபிஷேகப் பாலைப் பிள்ளைகள்தானே முதலில் கை நீட்டி வாங்கிக் குடிக்கிறார்கள்!

கிடேரிக் கன்று இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் நாலிலிருந்து எட்டு மாதத்துக்குள் தடுப்பூசி. இந்நாட்டில் அது சட்டம். காளைக் கன்றுக்குப் போடக் கூடாது. ஊசியில் இருப்பது உயிருள்ள கிருமி, கையில் குத்திக்கொண்டால் மனிதருக்கும் நோய் வரும். அதனால் கால்நடை மருத்துவரே போடட்டும், நீங்கள் கயிற்றை மட்டும் பிடியுங்கள்.